இருபது பொட்டும் ஒரு டிக் ஸ்பனரும்

1. சொக்கட்டுக்குள்ள சந்தனம்

சொக்கட்டைக் கவிட்டுத் தட்டினன். சந்தனம் விழுந்தது.

சொக்கட் எண்டது நட்டுக்கு மேல கொழுவிற இரும்புக் கோப்பை. அதுக்குள்ள இருந்து கிறீஸ் விழும், கிரவல் மண் விழும், ஒருக்கா குளவி கட்டின கூடும் விழுந்தது. சந்தனம் விழுந்தது அண்டைக்கு மட்டும்தான். எடுத்து உள்ளங்கையில வைச்சுப் பாத்தன். சின்ன அப்பளத் துண்டு மாதிரி நசிஞ்சு, ஒரு பக்கம் குங்குமச் சிவப்பு, மற்றப் பக்கம் மினுமினுப்பு. அந்த மினுமினுப்பு, நட்டின்ர வாய் அழுத்தின அடையாளம்.

அந்தச் சொக்கட்டால கடைசியா நட் இறுக்கின கார் எங்கட கடையில இருந்து வெளிக்கிட்டு இருபது நிமிசம். உள்ளுக்க ஒரு தாயும் அவவின்ர ஒரே மகனும். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வைச்சன். வைச்சன் எண்டுதான் நினைச்சன். ஜெனிற்றா சொல்லுறாள், விட்டிட்டனாம்.

ஜெனிற்றா என்ர மருமகள். இதை எழுதுறதும் அவள்தான். நான் மூண்டாம் வகுப்பு, அதுவும் பாதி. நான் சொல்லுவன், அவள் எழுதுவாள். இதில என்னைப் பற்றி நல்லதா ஏதும் இருந்தா அது நான் சொன்னது. கெட்டதா இருந்தா அது அவள் சேர்த்தது.

எங்கட ரயர்க் கடை நெளுக்குளத்தில. என்ர மனுசன் நடத்தின கடை. அவர் மோசம் போய்க் கண்ணை மூடின பிறகு நான் நடத்திறன். மகன் கட்டாரில. ஜெனிற்றா முல்லைத்தீவுக் கடற்கரைப் பிள்ளை, வேதக்காரி. சின்னனில தகப்பனோட இருந்து வலை முடிஞ்ச கை. ஒரு நட் இறுகினதோ இல்லையோ எண்டு அந்தக் கைக்கு விளங்கும். ஆனா அண்டைக்கு அந்தக் கையை நான்தான் மறிச்சனான். ரயர் வேலை பழகிற பிள்ளையளுக்கு இந்தக் கதையை அதுக்காகத்தான் சொல்லுறன். கேட்டுப் பயப்பிடுங்கோ. பயப்பிடத்தான் சொல்லுறன்.

2. தவளைக் கார்

வெள்ளிக்கிழமை காலமை எட்டரைக்கு அந்தக் கார் வந்தது. மஞ்சள் நிறம், ரெண்டே ரெண்டு கதவு, தவளை குந்தின மாதிரி நிலத்தோட பதிஞ்ச ஸ்போர்ட்ஸ் கார். எங்கட வாசல் மேட்டில ஏறேக்க வயிறு உரஞ்சிச்சுது.

"தம்பி, இது கார் தானோ, இல்லாட்டிக் காருக்குப் போடுற மூடியோ?" எண்டு கேட்டன்.

"அன்ரி, இது எத்தினை குதிரைச் சக்தி தெரியுமே?"

"குதிரை கனக்க இருக்கும். நிக்கத்தான் இடமில்லை."

பெடியன் சிரிச்சான். பேர் சுதன், ஊர் துணுக்காய். கலியாணம், கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி குடுக்கிறவன். அதால காருக்குள்ளயும் ஒரு திருவிழாவுக்குக் காணுமான சத்தம் வைச்சிருந்தான். பின்னால ஒரு வான் வண்டியில நாலு புது அலோய் வீல் வந்து இறங்கிச்சுது. ரயரும் பூட்டி, பலன்ஸும் பாத்து, கொழும்பில இருந்து எடுப்பிச்சது. காரோட வந்த வீல் பதினாறு அங்குலம். இது பதினெட்டு. கறுப்பு, ஒவ்வொண்டிலயும் அஞ்சு துளை.

வீலோட சேர்ந்து தாயும் இறங்கினா. பேர் சரசம்மா. வெள்ளைச் சீலை, வெறும் நெத்தி. அவவின்ர மனுசன் சண்டைக்குள்ள செத்துப் போனவர். மிஞ்சினது இந்தப் பெடியன் ஒண்டுதான். வீலை மூண்டு நாள் சாமியறையில வைச்சுப் பூசை செய்து கொண்டந்திருக்கிறா. ரயருக்கு விபூதி. அலோய்க்கு மாலை. அஞ்சு துளையும் உள்ளுக்குச் சாய்ஞ்சு குழிஞ்சு, குங்குமச் சிமிழ் மாதிரி இருந்திருக்கு. மனுசி ஒவ்வொரு குழியையும் சந்தனத்தால வழிச்சு நிரப்பி, நடுவில குங்குமம் வைச்சிட்டா. நாலு வீல், அஞ்சு துளை. இருபது பொட்டு. காய்ஞ்சு இறுகி, துளைக்கு நடுவில மட்டும் விரல் போற அளவுக்கு வழி.

"வடிவா இருக்கு, என்ன அக்கா?" எண்டு என்னட்டக் கேட்டா.

"கலியாணப் பொம்பிளை தோத்துப் போவாள்" எண்டன்.

3. எல்லாம் பாத்தன்

நான் அண்டைக்குக் கவனமில்லாம வேலை செய்தனான் எண்டு நினைக்காதேங்கோ. அதுதான் இந்தக் கதையின்ர பயம். எல்லாம் பாத்தனான்.

வேற ஆக்கள் செய்த வீலைக் காருக்குப் பூட்டேக்க முதல் பாக்கிறது நடு ஓட்டை. காரில வீலைக் கொழுவிற நடு முகம் ஹப், அது சின்னன், அலோயின்ர நடு ஓட்டை பெரிசு. அந்த இடைவெளிக்கு ஒரு வளையம் போடோணும், ஹப் றிங் எண்டு சொல்லுறது. இல்லாட்டி வீல் நடுவுக்கு நில்லாது, எண்பதில ஸ்ரியரிங் உதறும். பெட்டிக்குள்ள நாலு றிங் இருந்தது. போட்டம். ஹப்பின்ர முகத்தில இருந்த துருவைக் கம்பி பிறஷ் போட்டுச் சுரண்டினம்.

ரெண்டாவது, நட். சுதன் பழைய நட்டை எடுத்து நீட்டினான்.

"இதையே போடுங்கோ அன்ரி. கொம்பனி நட்."

"தம்பி, இதின்ர வாயைப் பார். உருண்டை. புது அலோயின்ர குழியைப் பார். கூம்பு. உருண்டை வாயைக் கூம்புக் குழிக்குள்ள வைச்சா ஒரு கோட்டில மட்டும்தான் முட்டும். கொஞ்ச நாளில கழண்டிடும். அலோயோட வந்த கூம்பு நட்டைத்தான் போடோணும்."

அவன் வாயைத் திறந்துகொண்டு கேட்டான். எனக்குப் பெருமை. ஸ்ரியரிங்கை ரெண்டு பக்கமும் முழுக்க வெட்டி, ரயர் மட்காட்டில உரசுதோ எண்டும் பாத்தம். உரசேல்லை. கழுவிற விதமும் சொல்லிக் குடுத்தன்: ஓடி வந்த சூட்டோட தண்ணி ஊத்தக் கூடாது, சட்டி தேய்க்கிற கம்பி போடக் கூடாது, அசிட் பக்கமே போகக் கூடாது.

"புளி போட்டு மினுக்கலாமோ அக்கா?" எண்டு சரசம்மா கேட்டா.

"ஐயோ தங்கச்சி, அது குத்துவிளக்கில்லை. சோப்புத் தண்ணியும் பழஞ்சீலையும் காணும்."

இவ்வளவு கதைச்ச வாய். பிறகு ஜெனிற்றா முதலாவது அலோயைத் தூக்கினாள். துளைக்குள்ள எட்டிப் பாத்திட்டு, துணியை எடுத்தாள்.

"மாமி, நட் குந்திற இடத்தில சந்தனம் கிடக்கு. துடைக்கட்டோ?"

சரசம்மா ஓடி வந்தா. "ஐயோ பிள்ளை! வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொட்டழிக்கிறதே?"

பொட்டழிக்கிறது. அந்தச் சொல்லு இருக்கே, அது எங்களுக்கு நல்ல சொல்லில்லை. அவவுக்கு அழிச்சவை. எனக்கும் அழிச்சவை. வெறும் நெத்தியோட ரெண்டு பேர் நிண்டம், நடுவில துணியோட ஜெனிற்றா. புதுக் காரியம் தொடங்கிற நாளில, ஒரே ஒரு பிள்ளையின்ர வீலில, இருபது பொட்டை அழி எண்டு சொல்ல எனக்கு நாக்கு வரேல்லை.

"விடு பிள்ளை" எண்டன். "சந்தனம் தானே. கல்லே?"

ஜெனிற்றா என்னைப் பாத்தாள். மாமி நான் சொல்லீட்டன். துணியை மடிச்சு வைச்சாள்.

பூட்டினம். கையால உருட்டி, ஒண்டு விட்டு ஒண்டு நட்சத்திரம் மாதிரி இறுக்கி, கடைசியா டிக் ஸ்பனர். ரோர்க் றென்ச் எண்டு படிச்ச ஆக்கள் சொல்லுறது. வேண்டிய இறுக்கம் வந்த உடன 'டிக்' எண்டும். இருபது நட், இருபது டிக். ரெண்டாந்தரம் சுத்தி வரேக்க, முதல் டிக் சொன்ன நட்டு திரும்பக் கால் சுத்துப் போய்த்தான் டிக் எண்டுது. இறுகின நட்டு அப்பிடிப் போகாது. கை சொன்னது. நான் கேக்கேல்லை.

நாலு எலுமிச்சங்காய் நசிச்சு, சத்தமாப் பாட்டும் போட்டு, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க எண்டு தாயும் மகனும் வெளிக்கிட்டினம். ஐம்பது கிலோமீற்றர் ஓடினாப் பிறகு திருப்பி வந்து இறுக்கோணும் எண்டு சொல்லி விட்டனான். ஐம்பது மட்டும் தாங்கும் எண்ட நினைப்பில.

4. தொட்டில் மாதிரி

அதுக்குப் பிறகுதான் சொக்கட்டுக்குள்ள இருந்து சந்தனம் விழுந்தது.

உங்களுக்கு விளங்கச் சொல்லுறன். நட்டின்ர வாயும் அலோயின்ர குழியும் நேரா முட்டோணும். அப்பதான் பிடி. நடுவில சந்தனம் இருந்தா நட்டு சந்தனத்தைத்தான் பிடிக்கும். ஸ்பனர் டிக் எண்டும், அதுக்கு வித்தியாசம் தெரியாது. பிறகு வீல் ஓட ஓட, சூடு ஏற ஏற, சந்தனம் மாவாகிக் கொட்டும். கொட்டினாப் பிறகு நட்டுக்கும் வீலுக்கும் நடுவில வெறும் வெளி.

சுதனுக்குப் போன் அடிச்சம். மணி போகுது, எடுக்கிறானில்லை. அந்தப் பாட்டுச் சத்தத்தில இடி விழுந்தாலும் கேளாது. கடைக் கணக்குக் கொப்பியைப் புரட்டித் தாயின்ர நம்பரைத் தேடினாள் ஜெனிற்றா. நான் அடிச்சன். அவா எடுத்தா.

"ஆர்?"

"ரயர்க் கடை அக்கா கதைக்கிறன். காரை நிப்பாட்டச் சொல்லுங்கோ!"

"ஓமக்கா ஓமக்கா, நல்லாத்தான் ஓடுது!" பின்னால மேளம் அதிருது. "இவ்வளவு நாளும் தடதட எண்டுதானே வந்தது. இப்ப தொட்டில் மாதிரி ஆட்டுது. நல்ல சொகுசு!"

"தங்கச்சி, அது சொகுசில்லை! நிப்பாட்டச் சொல்லுங்கோ!"

"கேக்குதில்லை அக்கா, பாட்டு. பேந்து எடுக்கிறன்."

வைச்சிட்டா. திருப்பி அடிச்சா, போனை நிப்பாட்டி வைச்சிருக்கு எண்டு ஒரு பொம்பிளைக் குரல் மூண்டு பாசையில சொல்லுது.

தொட்டில். நட்டு இளகின வீல்தான் அப்பிடி ஆட்டும். நானும் ஜெனிற்றாவும் ஆளை ஆள் பாத்தம். நான் சொன்னனான் தானே எண்டு அவள் ஒரு வார்த்தை சொல்லேல்லை. ஹெல்மெட்டை எடுத்து என்ர தலையில கவிட்டாள், ஸ்கூட்டியை உருட்டினாள்.

"ஏறுங்கோ மாமி."

5. ஸ்கூட்டியில

நான் ஸ்கூட்டியில சந்தைக்குப் போற ஆள். நாப்பதுக்கு மேல போனா ஜெனிற்றாவின்ர முதுகில குத்துவன். அண்டைக்கு டிக் ஸ்பனரை மடியில குறுக்க வைச்சு, காரைத் தூக்கிற ஜக்கைக் கால் வைக்கிற தட்டில வைச்சு, அவளின்ர இடுப்பைக் கட்டிப் பிடிச்சு, "அமத்து பிள்ளை, வேகமா அமத்து" எண்டு கத்தினன்.

ஏ-9 றோட்டு நேர் றோட்டு. அண்டைக்கு எனக்கு அது நேர் எண்டதுதான் பயம். நேர் றோட்டில எந்தப் பெடியனும் அமத்துவான். எதிர்ப்பக்கம் பஸ் வரேக்கயெல்லாம் எனக்கு அந்த மஞ்சள் கார்தான் கண்ணுக்க. முன் வீல் ஒண்டு கழண்டு தனிய உருண்டு போற மாதிரி. வீல் கழண்டா அது காரை முந்திக்கொண்டு ஓடும், தெரியுமே? என்ர மனுசன் ஒருக்கா ஒரு லொறியில அப்பிடிக் கண்டவர். கண்ட கதையை ஒரு நாளும் முழுக்கச் சொன்னதில்லை.

ஓமந்தை தாண்டினம். புளியங்குளத்துக்குக் கிட்ட ஒரு மதகடியில சனம் கூடி நிண்டது. ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு உழவு மெசின், குனிஞ்சு பாக்கிற நாலைஞ்சு பேர். ஜெனிற்றா பிறேக் பிடிச்சாள்.

"என்ன ராசா நடந்தது?" எண்டு கேட்டன்.

"உடும்பு ஒண்டு அம்மா. மதகுக்குள்ள பூந்திட்டுது."

உடும்பு. நான் சாமியைக் கும்பிட்டன். எந்தச் சாமி எண்டு தெரியாது, ஜெனிற்றாவின்ர சாமியையும் சேர்த்துத்தான். "அழாதேங்கோ மாமி" எண்டாள். அழேல்லை, காத்து எண்டன். அவள் இப்ப எழுதேக்கயும் சிரிக்கிறாள்.

பிறகு ஒரு மணித்தியாலம் போன மாதிரி இருந்தது. கனகராயன்குளம் தாண்டிக் கொஞ்சத் தூரம், இடப்பக்கம், மஞ்சள்.

நிண்டது. நாலு வீலோடயும் நிண்டது.

சரசம்மா ஒரு மரத்தைப் பிடிச்சுக்கொண்டு, போத்தல் தண்ணியில வாய் கொப்பளிச்சுக்கொண்டு நிண்டா. தொட்டில் ஆட்டின ஆட்டில மனுசிக்குத் தலை சுத்தி, வயித்தைப் பிரட்டி, மூண்டு தரம் சத்தி. சத்தி எடுத்த நேரம் முழுக்க மகன் காரைச் சுத்திச் சுத்திப் படம் எடுத்துக்கொண்டு நிண்டிருக்கிறான். நாங்கள் கிட்டப் போகேக்க தாயை ஏத்திப் போட்டு ஸ்ராட் பண்ணுறான்.

ஜெனிற்றா ஸ்கூட்டியைக் கொண்டுபோய்க் காரின்ர மூஞ்சிக்கு முன்னால குறுக்க விட்டாள்.

"என்ன அன்ரி!" சுதன் தலையை வெளிய நீட்டினான். "விசரோ? இடிச்சிருப்பன்!"

முன் இடப்பக்க வீலடிக்குப் போய்க் குந்தினன். நட்டில விரலை வைச்சன். விரலால சுத்தினன். சுத்திச்சுது. ரெண்டாவது, அதுவும் சுத்திச்சுது. மூண்டாவது இடத்தில நட்டே இல்லை.

6. பிழை ஆரின்ர

சுதன் வந்து எட்டிப் பாத்தான். முகம் வெளிறிப் போச்சுது. "எப்பிடி அன்ரி? நீங்கள் டிக் கேக்க இறுக்கினனீங்கள் தானே?"

பிள்ளையள், இந்த இடத்தை வடிவாக் கேளுங்கோ. ஒரு பொய் என்ர வாயில தயாரா இருந்தது. புது அலோய் எண்டா முதல் ஓட்டத்தில அப்பிடித்தான் தம்பி, செற் ஆகோணும், அதான் ஓடி வந்தம். நம்பியிருப்பான். நன்றியும் சொல்லியிருப்பான். இன்னொரு பொய்யும் இருந்தது, அது பாதி உண்மை: உன்ர கொம்மா துடைக்க விடேல்லை.

ஜெனிற்றா ஜக்கை வைச்சுக்கொண்டு என்னை நிமிந்து பாத்தாள். அவ்வளவுதான்.

"நட் குந்திற குழிக்குள்ள சந்தனம் இருந்தது" எண்டன். "இந்தப் பிள்ளை துடைக்கக் கேட்டவள். நான்தான் விடச் சொன்னனான். பிழை என்ர."

காருக்குள்ள பாட்டு இன்னும் போய்க்கொண்டிருந்தது. சுதன் கையை விட்டு அதை நிப்பாட்டினான். அந்த வீலைக் கழட்டினம். துளைக்குள்ள பாதிச் சந்தனம் இல்லை, மிச்சம் மா மாதிரிக் கொட்டுது. நட்டைப் பூட்டிற ஆணி, ஸ்டட், அதில ஒண்டின்ர புரி கடிபட்டுக் கிடந்தது.

துணியை எடுத்தன். சரசம்மாவைப் பாத்தன். "தங்கச்சி, இப்ப நான் அழிக்கத்தான் வேணும்."

அவா மகனைப் பாத்தா. காலில இருந்து தலை மட்டும் பாத்தா, எல்லாம் கிடக்கோ எண்டு எண்ணுற மாதிரி. பிறகு வந்து எனக்குப் பக்கத்தில, றோட்டுக் கரையில, வெள்ளைச் சீலையோட குந்தினா. துணியை என்ர கையில இருந்து வாங்கினா.

"தாங்கோ. வைச்சது நான்."

ஒவ்வொரு வீலா நாங்கள் கழட்டக் கழட்ட, அவா துடைச்சா. துடைக்கேக்க வாய்க்குள்ள ஏதோ சொன்னா, நான் காது குடுக்கேல்லை. பின் வலப்பக்க வீலில கடைசிக் குழி மட்டும் வரமாட்டன் எண்டுது.

"இது விடுகுதில்லை அக்கா. தும்பு இருக்கோ?"

அப்பதான் எனக்கு மூச்சு வந்தது. ஜெனிற்றா தும்பு தேடினாள். முறிகண்டிக்குக் கொண்டுபோன தேங்காய் பின்னுக்கு இருந்தது. அதின்ர தும்பைப் பிய்ச்சுத்தான் இருபதாவது பொட்டைத் தேய்ச்சம்.

காணாமப் போன நட்டுக்குச் சுதன் பழைய உருண்டை நட்டில ஒண்டைத் தூக்கிக் கொண்டந்தான். வேண்டாமெண்டன். நாலு நட்டில, சைக்கிள் ஓடுற மாதிரி மெதுவா, ஸ்கூட்டி முன்னுக்கும் கார் பின்னுக்குமா நெளுக்குளம் திரும்பினம். ரெண்டு தரம் நிண்டு டிக் பாத்தம். கடையில ஸ்டட் மாத்தி, நட் எடுப்பிச்சுப் போட்டம்.

7. கோடு

வெளிக்கிடேக்க சரசம்மா கேட்டா. "அப்ப பொட்டு வைக்கவே கூடாதோ?"

ஜெனிற்றாதான் சொன்னாள், கழுத்தில செபமாலை போட்ட பிள்ளை. "வையுங்கோ அம்மா. எல்லாம் இறுக்கின பிறகு, வெளியில. ஆனா வட்டமா வைக்காதேங்கோ. நட்டில தொடங்கி வீல் மட்டும் ஒரு நேர்க்கோடு இழுங்கோ. நட்டு அசைஞ்சாக் கோடு முறியும். கண்ணால காணலாம்."

பெரிய கராச்சில பெயின்ற் பேனையால இழுக்கிற கோடு அது. ஆனா சரசம்மா பெயின்ற் வேண்டாமெண்டா. சந்தனத்தாலதான் இழுத்தா, இருபது கோடு, ஒவ்வொண்டின்ர தலையிலயும் ஒரு துளி குங்குமம்.

அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் காலமை விளக்கு வைச்சிட்டுக் காரைச் சுத்தி வருவா. பிறகு எனக்கு போன். "அக்கா, இருபதும் நேர்." அந்த போன் வந்தாப் பிறகுதான் நான் ஸ்பனரைத் தொடுறது.

போன வெள்ளிக்கிழமை ஆறரைக்கு போன் வரேல்லை. ஏழுக்கும் வரேல்லை. நான் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில இருந்தன். ஏழரைக்கு வந்தது.

"அக்கா, இரவு மழை. இருபதையும் கழுவிக்கொண்டு போட்டுது. ஒண்டும் தெரியேல்லை. மகன் வெளிக்கிடப் போறான்."

"கார்த் திறப்பை வாங்கி உங்கட இடுப்பில செருகுங்கோ. சந்தனத்தைக் கரைச்சு வையுங்கோ. வாறம்."

துணுக்காய் மட்டும் போனம். பெடியன் வீட்டு முத்தத்தில கோவமா நிண்டான். நான் குந்தி, டிக் ஸ்பனரை ஒவ்வொண்டாப் போட்டன். டிக். டிக். ஒரு நட்டும் இம்மியும் அசையேல்லை. இருபதும் இறுக்கமாத்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு டிக்குக்கு முன்னாலயும் என்ர மூச்சு நிண்டு நிண்டுதான் வந்தது.

வேலை பழகிற பிள்ளையள், உங்களுக்கும் அந்த மூச்சு நிக்கோணும். நிக்காட்டி ஸ்பனரை வைச்சிட்டு வேற வேலை பாருங்கோ.